வானிலைக் கட்டத்தில் உச்சி நேரத்துக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வானிலைக் கட்டத்தில் நாள்தோறும் வெப்பநிலை, சூரிய உதயம், மறைவு, முந்தைய நாள் மழை, ஏரிகளின் நீர்மட்டம் ஆகியவை வருகின்றன. அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். ஒன்று, பதிப்பு வெளியாகும் ஊரில் அன்று சூரியன் உச்சிக்கு வரும் நேரம். மற்றொன்று, அந்நேரத்தில் ஒரு மீட்டர் உயரக் கோலின் நிழல் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும், வடக்கே விழுமா தெற்கே விழுமா என்பது. மழை அளவை அச்சிடும் முறையிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அதைக் கடிதத்தின் பிற்பகுதியில் சொல்கிறோம்.

இந்த இரண்டு வரி எதற்கு? "பூமி சூரியனுக்குக் கிட்டே வரும்போது கோடை, எட்டப் போகும்போது குளிர்காலம்" என்று பள்ளி முடித்த பலரும் இன்றும் சொல்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி 3-ஐ ஒட்டி, நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டிருக்கும்போது. அப்போது தொலைவு 14 கோடியே 71 லட்சம் கி.மீ. மிகத் தள்ளி இருப்பது ஜூலை 4-ஐ ஒட்டி, 15 கோடியே 21 லட்சம் கி.மீ. ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் வெயில் சுமார் 7 சதவீதம் கூடுதல். அந்த 7 சதவீதத்தையும் மீறி நமக்கு ஜனவரி குளிர்கிறது என்றால், பருவங்களை ஆள்வது தொலைவு அல்ல என்பது தெளிவு.

தவறான எண்ணம் பிறந்த இடம் பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் படம். பூமியின் பாதையைச் சாய்ந்த கோணத்தில், முட்டையை நசுக்கியதுபோல நீள்வட்டமாக வரைகிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டு முனைகளில் பூமி எட்டப் போவதாகத்தான் தோன்றும். காகிதத்தில் 10 செ.மீ. ஆரத்தில் அந்தப் பாதையைச் சரியான அளவில் வரைந்தால், அது வட்டத்திலிருந்து விலகுவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அது மறைந்துவிடும். சூரியன் மட்டும் மையத்திலிருந்து 1.7 மி.மீ. தள்ளி இருக்கும். கவராயத்தால் வட்டம் போட்டு, மையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதுவே பூமியின் பாதைக்கு உண்மையான படம்.

அளவு விகிதமும் அப்படியே. பூமியை ஒன்றரை மி.மீ. கடுகாக வைத்தால் சூரியன் 16 செ.மீ. பந்து, இரண்டுக்கும் இடைவெளி சுமார் 18 மீட்டர். நெப்டியூன் அரை கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். பள்ளி மைதானத்தில் இதைச் செய்து காட்டலாம், புத்தகப் பக்கத்தில் முடியாது. ஆகவே சூரியக் குடும்பப் படங்கள் எல்லாவற்றின் கீழும் "அளவு விகிதப்படி அல்ல" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் மாணவர் இணைப்பிதழுக்கும் இது பொருந்தும்.

பருவங்களுக்குக் காரணம் பூமி அச்சின் 23.4 பாகைச் சாய்வு. வகுப்பில் இதை விளக்கும்போது நடக்கும் பிழை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பாடத்தையே கெடுத்துவிடும். நடுவில் விளக்கை வைத்து உலக உருண்டையைச் சுற்றி எடுத்துச் செல்பவர், தம் உடல் திரும்பும்போது உருண்டையையும் திருப்பிவிடுகிறார். வடமுனை எப்போதும் விளக்கை நோக்கியே சாய்ந்திருந்தால் ஆண்டு முழுவதும் ஒரே பருவம்தான். வகுப்பறையின் ஒரு சுவரை "துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம்" என்று முதலிலேயே குறித்துக்கொண்டு, நான்கு இடங்களிலும் அச்சு அந்தச் சுவரையே நோக்கியிருக்குமாறு பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு சென்னை இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசித் தலையை ஒட்டி, அதன் நிழலைப் பார்க்கச் சொன்னால் போதும். வடமுனை விளக்கை நோக்கிச் சாயும் நிலையில் அந்த நிழல் தெற்கே விழுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அந்தக் குண்டூசி நிழலைத்தான் நாளிதழில் எண்ணாகக் கேட்கிறோம்.

நம் ஊர்கள் எல்லாம் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் ஆண்டில் இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் அது நிகழும். மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 வாக்கில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11-லும் செப்டம்பர் 1, 2-லும். அந்த நாளின் உச்சி வேளையில் நேராக நிற்கும் கோலுக்கு நிழலே இருக்காது. இதைச் செய்தியாக நீங்கள் போடுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த இரண்டு நாளுக்கு இடையே சென்னையில் 116 நாள், ஏறத்தாழ நான்கு மாதம், நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. வீடு கட்டுவோருக்கே இது பயன்படும். கோடை நண்பகலில் வெயில் அடிப்பது வடக்குச் சன்னல் பக்கம். தெற்குச் சுவருக்கு மட்டும் நிழல்தடுப்பு வைத்தால் மே, ஜூன் மாதங்களில் வடக்குச் சுவர் சுடும்.

ஒரு மீட்டர் கோலுக்குச் சென்னையின் அளவுகள் இவை. டிசம்பர் 21-ல் உச்சி நிழல் வடக்கே 74 செ.மீ. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் வடக்கே 23 செ.மீ. ஏப்ரல் 24-ல் சுழியம். ஜூன் 21-ல் தெற்கே 18 செ.மீ. டிசம்பர் நண்பகலில் வெயில் சாய்ந்து விழுவதால் ஒரு சதுர மீட்டர் தரைக்குக் கிடைப்பது நேர் மேலிருந்து விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்குதான். பகலும் ஜூன் பகலைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு: சென்னையில் சுமார் 12 மணி 53 நிமிடம் ஜூனில், 11 மணி 21 நிமிடம் டிசம்பரில். மார்கழிக் குளிரின் கணக்கு இந்த இரண்டிலும் முடிந்துவிடுகிறது. தில்லியில் இந்தப் பகல் வேறுபாடு மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். அங்கே குளிர்காலம் கடுமையாக இருப்பதற்கும் இங்கே அப்படி இல்லாததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அளக்கும் முறையை ஒரு முறை விரிவாக அச்சிட்டால் நல்லது. கோல் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பார்கள். அதை நிறுத்துவதில்தான் பலர் தோற்கிறார்கள். ஒரு மீட்டர் கோலின் உச்சி 2 செ.மீ. சாய்ந்தால் ஒரு பாகைக்கு மேல் பிழை, அதாவது அட்சரேகைக் கணக்கில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தவறும். கோலைச் சரிபார்ப்பதைவிட எளிய வழி உண்டு. தடித்த அட்டையில் 4 அல்லது 5 மி.மீ. துளை போட்டு, அதைத் தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு நாற்காலியிலோ தாங்கியிலோ படுக்கைவாட்டில் கட்டுங்கள். துளையிலிருந்து கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனை தொடும் இடத்தைத் தரையில் குறியுங்கள். அதுதான் கோலின் அடி. பிறகு நூலை எடுத்துவிடலாம், தாங்கி எப்படிச் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை.

துளைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. சூரியன் வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே கோலின் நுனி நிழல் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. மங்கலாகத்தான் விழும். எங்கே முடிகிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். துளை வழியே விழும் ஒளியோ ஒரு சிறு வட்டப் பொட்டு. அதன் நடுவைக் குறித்தால் சண்டை இல்லை. தரை மட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மொட்டை மாடித் தளம் மழைநீர் வழிய வாட்டம் கொடுத்துப் போட்டது, அங்கே அளந்தால் தவறும். ஒரு பலகையைக் கீழே ஆப்பு வைத்து மட்டம் செய்துகொண்டு அதன் மேல் அளக்கலாம்.

உச்சி நேரத்தை நிழலின் நீளத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். டிசம்பர் நண்பகலை ஒட்டிப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் நீளம் மாறுவது கண்ணுக்கே தெரியாது. பழைய முறைதான் இன்றும் சிறந்தது. கோலின் அடியை மையமாக வைத்து, அன்றைய உச்சி நிழலைவிட ஒரு சாண் கூடுதலான ஆரத்தில் வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழல் நுனி சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும் புள்ளியையும், பிற்பகலில் நீண்டு போய்த் தொடும் புள்ளியையும் நேரத்தோடு குறியுங்கள். இரண்டு நேரத்துக்கும் நடு நேரம் உச்சி. இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதன் நடுவிலிருந்து மையத்துக்கு இழுக்கும் கோடு வடக்கு தெற்கு. கோலும் கயிறும் கொண்டு மனைக்குத் திசை குறிக்கும் வழக்கம் நம் சங்கப் பாட்டிலேயே வருகிறது. கைபேசியின் திசைகாட்டி மாடிக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளால் தடுமாறும், இந்த வட்டம் தடுமாறாது. மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் நிழல் நுனி பகல் முழுவதும் ஒரே நேர்கோட்டில் கிழக்கு நோக்கி நகரும். அன்று வட்டமே தேவையில்லை.

சம இரவு நாளின் நிழலை வைத்தே உலகத்தின் சுற்றளவைக் கணக்கிடலாம். சென்னையில் ஒரு மீட்டர் கோலுக்கு 23 செ.மீ. நிழல் என்றால் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 13 பாகை விலகியிருக்கிறது. கன்னியாகுமரியில் 14 செ.மீ., அதாவது 8 பாகை. வேறுபாடு 5 பாகை, முழு வட்டத்தில் 72-ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள இடைவெளி சுமார் 555 கி.மீ. 72-ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ.க்கு மிக அருகில் வரும். பிள்ளைகள் தவறுவது இங்கேதான்: சாலைத் தொலைவான சுமார் 700 கி.மீ.யைப் போட்டுவிடுவார்கள், விடை 50,000 ஆகிவிடும். கன்னியாகுமரி தெற்கே மட்டுமல்ல, மேற்கேயும் விலகி இருக்கிறது. சாலை வளைந்தும் போகிறது. வரைபடத்தில் இரண்டு அட்சரேகைகளுக்கு இடையே உள்ள செங்குத்துத் தொலைவைத்தான் எடுக்க வேண்டும். அவரவர் ஊரின் உச்சி நேரத்தில் அவரவர் அளந்தால் போதும், ஒரே நொடியில் அளக்க வேண்டியதில்லை.

இனி உச்சி நேரம். நண்பகல் என்றால் 12 மணி என்று நினைக்கிறோம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் உச்சி சராசரியாக 9 நிமிடம் தாமதம். மதுரைக்கு 17 அல்லது 18 நிமிடம், நெல்லைக்கு 19, கோவைக்கு 22. இதன் மேல் ஆண்டுக்குள்ளேயே ஓர் ஏற்ற இறக்கம் இருக்கிறது. பூமி ஜனவரியில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் ஓடுவதாலும், அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் நம் கடிகாரத்தைவிட நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். ஆகவே சென்னையில் உச்சி நவம்பர் முதல் வாரத்தில் 11.53-க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.23 ஆகும். கோவையில் அதே பிப்ரவரியில் 12.36.

"டிசம்பர் 21 தானே மிகக் குறுகிய பகல், ஆனால் நவம்பரிலேயே சீக்கிரம் இருட்டுகிறதே" என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. சென்னையில் மிக முந்திய சூரிய மறைவு நவம்பர் பின்பாதியில், மிகப் பிந்திய உதயம் ஜனவரி பின்பாதியில். பகல் முழுவதுமே கடிகாரத்தில் முன்னும் பின்னும் நகர்வதால் அப்படி. உங்கள் கட்டத்தில் உதயமும் மறைவும் ஏற்கெனவே இருப்பதால் உச்சி நேரம் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். ஏப்ரல் 24-ல் உதயம் 5.52, மறைவு 18.22. நடு நேரம் 12.07.

நிழலை நாள்தோறும் பார்க்கும் வீட்டில் பஞ்சாங்கத்தையும் புதிதாகப் படிப்பார்கள். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் சென்னையில் டிசம்பர் 21-ல் 74 செ.மீ. இருந்த உச்சி நிழல், பொங்கலன்று 69 செ.மீ. ஆகச் சுருங்கியிருக்கும். சூரியன் மூன்று வாரத்துக்கு முன்பே வடக்கே திரும்பிவிட்டது. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலைசுற்றுவதே காரணம். ஒரு சுற்றுக்குச் சுமார் 25,800 ஆண்டு. நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நம் மாதங்கள், நிழலை வைத்துக் கணிக்கும் அயன நாளிலிருந்து ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகின்றன. இரண்டும் ஒன்றாக இருந்தது ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன். பொங்கலின் பெருமை இதனால் குறையப்போவதில்லை. கணித்தவர்கள் நிழலைப் பார்த்துத்தான் கணித்தார்கள் என்பதற்கு இதுவே சான்று.

கத்திரி வெயிலுக்கும் இதையே சொல்லலாம். மே 4 முதல் 28 வரை என்பது நட்சத்திரக் கணக்கு. வெப்பத்தின் கணக்கு வேறு. சூரியன் சென்னைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 24. அதன் பிறகும் நாள்தோறும் தரை வாங்கும் வெப்பம் இரவில் விடுவதைவிடக் கூடுதலாக இருப்பதால் சூடு ஏறிக்கொண்டே போகும். அடுப்பை முழுவதும் தூண்டியவுடன் உலை கொதிப்பதில்லை, அதுபோல. கடற்கரை ஊர்களில் இன்னொரு கை இருக்கிறது, கடற்காற்று. நிலம் சுட்டு அதன் மேல் காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மே இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது, மலை இறங்கி வரும் வறண்ட மேற்குக் காற்று இதைத் தடுத்து நிறுத்துகிறது. இறங்கும் காற்று 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறும். கடற்காற்று மாலை வரை உள்ளே வராத நாளில் சென்னை கொதிக்கும். நுங்கம்பாக்கத்தில் 45.0 டிகிரி பதிவானது 2003 மே 31, கத்திரி முடிந்த பிறகு. எனவே "கத்திரி விடைபெற்றது, வெயில் குறையும்" என்று தலைப்பு இடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அதை நம்பி வெளிவேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று மேற்குக் காற்றா, கடற்காற்று எப்போது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய செய்தி.

(அந்த 45 டிகிரி, காற்றோட்டமான வெள்ளைப் பலகைப் பெட்டிக்குள், தரைக்கு மேல் சுமார் 1.25 மீட்டர் உயரத்தில், நிழலில் இருக்கும் வெப்பமானி காட்டுவது. வெயிலில் வைத்த வெப்பமானி காற்றை அளப்பதில்லை, தன் மேல் விழும் வெயிலை அளக்கிறது.)

மழை அளவுக்கு வருகிறோம். நீங்கள் ஒரு தேதிக்கு அச்சிடும் மழை, அதற்கு முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் நாள் கணக்கு அப்படி. கட்டத்தில் அந்த நேரம் இல்லாததால் தேதி குழம்புகிறது. 2015-ல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது டிசம்பர் 2-ன் மழையாகப் பதிவில் நிற்கிறது. அதில் பெரும்பகுதி கொட்டியது முதல் தேதி. "காலை 8.30 வரை, 24 மணி நேரம்" என்ற சொற்கள் ஒவ்வொரு நாளும் வேண்டும். அளவும் மில்லிமீட்டரில் வேண்டும். முழு செ.மீ. ஆக்கும்போது 4 மி.மீ. மழை காணாமல் போகிறது. மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த 4 மி.மீ. செய்திதான்.

ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ. பெய்தால் 22,300 லிட்டர், ஏறத்தாழ இரண்டு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர். மாடி நீரைக் கிணற்றில் விடுகிறவருக்குக் குழாயின் அகலத்தைத் தீர்மானிக்க இந்தக் கணக்கே போதும். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்த எல்லைகளைக் கட்டத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டால், வண்ண எச்சரிக்கைகளைப் படிப்பவருக்கு எண் கைவசம் இருக்கும்.

வீட்டிலேயே அளக்க, வாய் அகலம் சரியாக 10 செ.மீ. உள்ள புனலும் அதன் கீழ் ஒரு பாட்டிலும் போதும். அந்த வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே பாட்டிலில் 78.5 மில்லி சேர்ந்தால் 10 மி.மீ. மழை. மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியாலேயே அளந்துவிடலாம். மேல்பகுதியைப் புனலாக வெட்டி எடுத்த பாட்டிலுக்குள் அளவுகோலை நேராகச் செருகி அளப்பது தவறு, அடிப்பகுதி குழிந்திருப்பதால் முதல் சில செ.மீ. பொய். புனல் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கட்டும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். மொட்டை மாடி உகந்ததல்ல. கைப்பிடிச் சுவரில் மோதி எழும் காற்று துளிகளைப் புனலுக்கு மேலேயே அடித்துக்கொண்டு போய்விடும், பலத்த காற்றோடு பெய்யும் மழையில் அளவு கணிசமாகக் குறையும். காலை 8.30-க்குப் படித்துவிட்டுக் கொட்டுங்கள். வெயில் ஏறிய பிறகு படித்தால் ஆவியாகிப் போனது கணக்கில் வராது.

ஒரு சொல்லைப் பற்றியும் எழுதியாக வேண்டும். "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்", "புயல்", "தீவிரப் புயல்" என்ற படிநிலைகள் காற்றின் வேகத்துக்கு உரியவை. மணிக்கு 31 கி.மீ. முதல் தாழ்வு மண்டலம், 62 முதல் புயல், 89 முதல் தீவிரப் புயல். மழைக்கும் இந்தப் படிகளுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. 2023 டிசம்பர் 18 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தமிழகம் முழு ஆண்டில் சராசரியாகப் பெறும் சுமார் 92 செ.மீ.க்கும் கூடுதல். அதைக் கொண்டுவந்தது புயல் அல்ல, வெறும் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. மெதுவாக நகரும் ஒரு சுழற்சி, கடலிலிருந்து ஈரக்காற்றை ஒரே இடத்தில் இறக்கிக்கொண்டே இருந்தால் போதும். "புயல் இல்லை" என்பதை "ஆபத்து இல்லை" என்று மக்கள் படிக்காதபடி, படிநிலைக்குப் பக்கத்தில் எதிர்பார்க்கும் மழை அளவையும் தனியாக அச்சிடுங்கள்.

காற்றின் திசையையும் ஒரு சொல்லில் போடலாம். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். சென்னையில் வடக்கிலிருந்து காற்று வீசினால் அது கிழக்கே கடலில். காற்று வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் மையம் நகருக்கு வடக்கே போகிறது. வடகிழக்கு, கிழக்கு என்று திரும்பினால் தெற்கே. மின்சாரமும் கைபேசியும் நின்றுபோன இரவிலும் இந்தக் குறிப்பு வேலை செய்யும்.

நிழல் வரியைப் பதிப்புவாரியாகப் போடுவது கடினமல்ல. டிசம்பர் 21-க்குச் சென்னை 74, கோவை 69, மதுரை 66, நெல்லை 63 செ.மீ., எல்லாம் வடக்கே. ஜூன் 21-க்கு அதே வரிசையில் 18, 22, 24, 26, எல்லாம் தெற்கே. 365 நாளுக்கும் ஒரு முறை அட்டவணை போட்டுக்கொண்டால் பல ஆண்டுக்கு அதையே பயன்படுத்தலாம். லீப் ஆண்டுகளால் தேதி ஒரு நாள் முன்பின் நகர்ந்தாலும், நிழல் வேகமாக மாறும் மார்ச் மாதத்தில்கூட வேறுபாடு ஒரு செ.மீ.க்குள்தான் இருக்கும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் இருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்